கட்டளை யார் பெயரில் ஓடுகிறது?

கேள்வி: நெய்வேலியில் சுரங்கத் துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டவுன்ஷிப்பில் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இன்று இந்திரா நகர், வடலூர், பண்ருட்டி, சென்னை, பிள்ளைகளோடு வெளிநாடு என்று பிரிந்து கிடக்கிறோம். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு மடற்குழு. முன்பு யாகூவில் இருந்தது. 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மூடப்பட்ட பிறகு, சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மெயில்மேன் 3 மென்பொருளை அதன் அதிகாரபூர்வ வழிகாட்டியைப் பார்த்து நானே நிறுவினேன். 1962இல் ஓடத் தொடங்கி 2020இல் நிறுத்தப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தைப் பற்றி அங்கே வேலை பார்த்தவர்களே எழுதிய நினைவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

போன மாதம் டெர்மினலில் புதிய குழு ஒன்றை உருவாக்கப் போனேன். ரூட்டாக ஓட்டுவதில் உறுதியாக இருந்தால் ‘--ரன்-ஆஸ்-ரூட்’ என்று சேர்க்கவும் என்று திரையில் வந்தது. சேர்த்தேன், குழு உருவானது. உறுப்பினர்களையும் அப்படியே சேர்த்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகுதான் தொல்லை. வலைப்பக்கம் வழியாக இன்னொரு குழு உருவாக்கினால் ‘சர்வர் எரர் 500’ என்கிறது. ஒதுங்கிக் கிடந்த சில மடல்களை ‘அன்ஷண்ட்’ கட்டளையால் மீட்டேன். அவை யாருக்கும் போய்ச் சேரவில்லை. வட்டில் இடம் குறைகிறதே என்று பழைய லாக் கோப்புகளை நீக்கினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. சர்வரை ரீபூட் செய்ததும் மெயில்மேன் எழுந்திருக்கவே இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது.

என் ஐயங்கள் மூன்று. ஒன்று, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் செய்த வேலையில் அனுமதிச் சிக்கல் எப்படி வரும்? இரண்டு, மடல்களை இழக்காமல் எப்படிச் சரி செய்வது? எல்லாக் கோப்புக்கும் 777 அனுமதி கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஒரு நண்பர், கொடுக்கலாமா? மூன்று, இந்தப் பொறுப்பை இளைய உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைக்க நினைக்கிறேன். ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அது முடியுமா?

— வாசகர், நெய்வேலி

பதில்: முதலில் நல்ல செய்தி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் மடல் எதுவும் அழிந்திருக்காது. மென்பொருளிலும் கோளாறு இல்லை. சில கோப்புகளின் உரிமையாளர் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 777 கொடுக்காதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

ரூட் செய்த வேலை ஏன் பழுதானது?

அனுமதிச் சிக்கல் ரூட்டுக்கு வருவதே இல்லை. அவருக்குப் பின்னால் வருகிறவருக்குத்தான் வருகிறது. உங்கள் முதல் ஐயத்துக்கு விடை இதுதான்.

யூனிக்ஸ் வழி வந்த எந்தக் கணினியிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. புதிதாக ஒரு கோப்பு பிறந்தால், அதைப் பிறப்பித்த நிரலை யார் ஓட்டினாரோ அவர் பெயர் அதன் மேல் விழும். நீங்கள் பின்பற்றிய வழிகாட்டி, மெயில்மேன் என்ற பெயரிலேயே ஒரு தனிப் பயனரை உருவாக்கச் சொல்லியிருக்கும்; அவருடைய வீடு /ஆப்ட்/மெயில்மேன் கோப்புறை. பகலும் இரவும் மடல்களை வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல் இந்தப் பயனர் பெயரில்தான் ஓடுகிறது. ரூட் போய் அந்த வீட்டுக்குள் ஒரு கோப்பை உருவாக்கினால் அது ரூட்டின் சொத்து. வீட்டுக்காரருக்கு அதில் எழுத உரிமை இல்லை. சில நேரம் படிக்கவும் உரிமை இல்லை.

நீங்கள் அனல்மின் நிலையங்களை அறிந்தவர். லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி லைனில் வேலை செய்வதற்கான அனுமதி, யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவரே வந்து பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் லைனில் மின்சாரம் விடுவார்கள். பதவியில் மேலானவர் என்பதற்காக வேறொருவர் குறுக்கே புகுந்து கையெழுத்துப் போட்டால் அந்த நிமிடம் வேலை முடிந்ததுபோல் தெரியும். அடுத்த ஷிப்டில்தான் வினை வெளிப்படும். ரூட் செய்வதும் அதே குறுக்குக் கையெழுத்துதான்.

இனி உங்கள் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உறுப்பினர்களைச் சேர்த்தது ஏன் சரியாக நடந்தது? உறுப்பினர் பட்டியல் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. அதில் ஒரு வரி கூடுவதால் புதிய கோப்பு பிறப்பதில்லை, எந்தக் கோப்பின் உரிமையாளரும் மாறுவதில்லை. ரூட்டாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை உங்களுக்கு வந்தது இங்கேதான். பாதி வேலை சரியாக நடப்பதால்தான் இந்தத் தவறு இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

வலைப்பக்கத்தில் 500 ஏன் வந்தது? குழு ஒன்று உருவானதும் மெயில்மேன் இன்னொரு வேலையும் செய்கிறது. ‘இந்த முகவரிக்கு வருவதை என்னிடம் தள்ளு’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வருக்குச் சொல்லும் முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கிறது. அதைப் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் புரியும் வடிவில் மாற்ற ‘போஸ்ட்மேப்’ என்ற துணை நிரலை அழைக்கிறது. டெர்மினலில் நீங்கள் ரூட்டாகக் குழு உருவாக்கியபோது இந்தப் பட்டியலும் ரூட்டின் பெயருக்குப் போய்விட்டது. வலைப்பக்கமோ தானாக எதையும் செய்வதில்லை. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மெயில்மேன் நிரலிடம் வேலையைக் கொடுக்கிறது. அது மெயில்மேன் பயனர் பெயரில் போஸ்ட்மேப்பைக் கூப்பிட்டது. ரூட்டின் கோப்பில் எழுத முடியாமல் போஸ்ட்மேப் கைவிரித்தது. அதுதான் உங்கள் திரையில் 500 என்று வந்து நின்றது.

இதை நேரில் பார்க்கலாம். மெயில்மேனின் ‘வார்’ கோப்புறைக்குள் ‘டேட்டா’ என்று ஒன்று இருக்கும். அங்கே ‘சூடோ எல்எஸ் -எல்’ அடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் அனுமதி எழுத்துகளுக்கும் ஓர் எண்ணுக்கும் அடுத்து இரண்டு பெயர்கள் நிற்கும்: முதலாவது உரிமையாளர், இரண்டாவது பயனர் குழு (மடற்குழு அல்ல). மற்றக் கோப்புகளில் ‘மெயில்மேன் மெயில்மேன்’ என்றிருக்க, போஸ்ட்ஃபிக்ஸ்_எல்எம்டிபி என்று தொடங்கும் கோப்புகளின் வரியில் ‘ரூட் ரூட்’ என்றிருக்கும். உங்கள் தொல்லையின் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மீட்ட மடல்கள் எங்கே போயின? ஏதோ பிழையால் அனுப்ப முடியாமல் போன மடல்களை மெயில்மேன் ‘ஷண்ட்’ என்ற வரிசையில் ஒதுக்கி வைக்கிறது. அன்ஷண்ட் கட்டளை அவற்றை எடுத்து, பழைய வரிசையில் புதிய கோப்பாக எழுதி வைக்கிறது. புதிய கோப்பு என்றதும் உங்களுக்கே புரிந்திருக்கும்: அதுவும் ரூட்டின் பெயரில். அனுப்பும் நிரலால் அதைத் திறக்கவே முடியவில்லை. மடல் அதே வரிசையில் அப்படியே கிடக்கிறது, தொலையவில்லை.

நான்கு நாள் ஓடிவிட்டு ரீபூட்டில் ஏன் விழுந்தது? லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் நீக்கினாலும், அந்த நிரல் மூடும்வரை அதற்கு மட்டும் அந்தக் கோப்பு உயிரோடு இருக்கும். லாக்கை நீக்கிய பிறகும் மெயில்மேன் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் நீங்கள் ரூட்டாக இன்னொரு கட்டளை ஓட்டியிருப்பீர்கள். மெயில்மேன் கட்டளை எதுவானாலும் தொடங்கும்போதே லாக்கைத் திறக்கும். இல்லையென்றால் புதிதாக உருவாக்கும். அப்படி ரூட்டின் பெயரில் புதிய லாக் பிறந்தது. ரீபூட் ஆனதும் மெயில்மேன் பயனரால் தன் லாக்கையே திறக்க முடியவில்லை. லாக் இல்லாமல் அது ஓடாது. தவறு நடந்த நாள் ஒன்று, வெளிப்பட்ட நாள் வேறு என்பதால்தான் இந்தக் கோளாறைத் துப்பறிவது கடினமாக இருக்கிறது. இனி லாக் பெருத்தால் கையால் நீக்காமல், பழைய லாக்குகளை நகர்த்தி வைக்கும் லாக்ரொட்டேட் நிரலிடம் விடுங்கள். நகர்த்திய பிறகு ‘மெயில்மேன் ரீஓப்பன்’ கட்டளை புதிய லாக்கைத் திறக்க வைக்கும்; அதையும் உரிய பயனராகவே ஓட்டுங்கள்.

பழைய பழக்கம் எங்கிருந்து வந்தது?

ரூட்டாகவே இத்தனை வருஷம் ஓட்டினோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று பழைய நிர்வாகிகள் சொல்வது பொய்யல்ல. ஜான் வியேகா தொடங்கி பேரி வார்சா வளர்த்தெடுத்த மெயில்மேனின் 2.1 பதிப்பில் பாதுகாப்பு ஏற்பாடு வேறு. அங்கே முக்கியமானது உரிமையாளர் பெயரல்ல, பயனர் குழுவின் பெயர். கோப்புறைகளுக்கு ‘செட்ஜிஐடி’ என்ற குறி இடப்பட்டிருக்கும். யார் கோப்பு உருவாக்கினாலும் குழுப் பெயர் மாறாமல் வரும். ரூட்டாக ஓட்டினாலும் பெரும்பாலும் தப்பித்தது அதனால்தான். தப்பாவிட்டால் ‘செக்_பெர்ம்ஸ்’ என்ற கட்டளையே உரிமைகளைச் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தது.

அந்தப் பதிப்பு பைத்தான் 2 மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. 2015 ஏப்ரலில் வந்த மெயில்மேன் 3 அடியிலிருந்து திரும்ப எழுதப்பட்டது. ஒரே பயனர் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. செக்_பெர்ம்ஸ் போன்ற துணை கிடையாது. ரூட்டாக ஓட்ட மறுக்கும் அந்தத் தடுப்புதான் இருக்கிறது. பழைய 2.1 காலத்துக் குறிப்பைப் பார்த்து 3ஐ நிர்வகிக்கிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

தனிப் பயனர் எதற்கு?

ரூட்டாகவே எல்லாவற்றையும் ஓட்டிவிட்டால் உரிமைச் சிக்கலே வராதே என்றும் தோன்றலாம். அந்தக் காலம் இருந்தது. அதன் விலையும் கொடுத்தாயிற்று. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அன்றைய சிறிய இணையத்தின் கணினிகளை ஆயிரக்கணக்கில் திணறடித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலின் ஓட்டை. அஞ்சல் நிரலின் இயல்பே அப்படி: முகம் தெரியாத யார் எதை அனுப்பினாலும் வாங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை அது. அந்த வேலையைச் செய்கிறவர் கையில் வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்து வைக்கக் கூடாது. 1998இல் வீட்செ வெனமா ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் வேலையைப் பல சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்காமல் அமைக்கப்பட்டது. உங்கள் சர்வரிலும் அதுவே ஓடுகிறது. மெயில்மேனும் அதே வழியில் போகிறது.

இன்னொரு ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் நிறுவலில் மெயில்மேனின் நிரல் கோப்புகளே மெயில்மேன் பயனருக்குச் சொந்தம். என்றாவது ஒரு ஓட்டை வழியாக வெளியாள் அந்தப் பயனராக நுழைந்துவிட்டால், நிரல் கோப்பில் இரண்டு வரி சேர்த்து வைத்துவிட முடியும். அதுவரை அவர் கைக்கு எட்டுவது மடற்குழு மட்டும். அடுத்த நாள் நீங்கள் அதே நிரலை ரூட்டாக ஓட்டினால் அந்த இரண்டு வரியும் ரூட்டாக ஓடும்; சர்வர் முழுவதும் அவர் வசம் போகும்.

777 வேண்டாம் என்பதும் இதன் தொடர்ச்சிதான். 777 என்றால் அந்தச் சர்வரில் உள்ள எந்தப் பயனரும் எந்த நிரலும் படிக்கலாம், எழுதலாம் என்று பொருள். உங்கள் நண்பர்களின் முகவரிகள், தனிமடல்கள், தரவுத்தளத்தின் கடவுச்சொல் எல்லாம் திறந்து கிடக்கும். மின்னஞ்சல் முகவரியும் தனிநபர் தரவுதான்; 2023இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்ட நாட்டில் இருக்கிறோம். அதோடு, 777 இன்றிருக்கும் கோப்புகளுக்குத்தான். நாளை ரூட்டாக ஓட்டினால் நாளைய கோப்பு மறுபடி ரூட்டின் பெயரில்தான் பிறக்கும். நோய் அப்படியே இருக்கும்.

சரி செய்யும் முறை

ஒன்று: சேவையை நிறுத்துங்கள். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மெயில்மேன்3’. இதை ரூட் அதிகாரத்தில் செய்வதுதான் சரி. மெயில்மேன் விழுந்து கிடந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இடையில் எழுப்பப் பார்க்கலாம்.

இரண்டு: நகல் எடுங்கள். /ஆப்ட்/மெயில்மேன் முழுவதையும் ‘டார்’ கட்டளையால் கட்டி வேறிடத்தில் வையுங்கள். உரிமையாளர் பெயர்களும் அதில் பதிவாகும். ரூட்டாக வெறும் ‘சிபி -ஆர்’ செய்தால் நகல் முழுவதும் ரூட்டின் பெயருக்கு மாறிவிடும். சிபிதான் வேண்டுமென்றால் ‘சிபி -ஏ’. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் அதன் நகலைத் தனியாக எடுக்க வேண்டும். அந்தக் கட்டளையை போஸ்ட்கிரெஸ் பயனராக ஓட்டுங்கள்.

மூன்று: ரூட்டின் கோப்புகளைக் கண்டுபிடியுங்கள். ‘சூடோ ஃபைண்ட் /ஆப்ட்/மெயில்மேன் -யூசர் ரூட் -எல்எஸ்’. வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். டேட்டா, க்யூ, லாக்ஸ் ஆகிய கோப்புறைகளில் சில வரிகள் வரும். பைத்தான் தொகுப்புகளை ‘சூடோ பிப்’ என்று எப்போதாவது நிறுவியிருந்தால், அவை இருக்கும் வென்வ் கோப்புறையிலும் நிறைய வரும். குழுவின் பெட்டகத்தில் தேடினால் புதிய மடல்கள் வரவில்லை என்று யாராவது குறைபட்டிருந்தால், தேடல் அட்டவணையும் இந்தப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். வலைப்பக்கப் பகுதிக்கான மெயில்மேன்-வெப் கட்டளையை ரூட்டாக ஓட்டினால் அதுவும் இப்படித்தான் கெடும்.

நான்கு: பெயரை மாற்றுங்கள். உங்கள் நிறுவலில் அந்தக் கோப்புறைக்குள் இருப்பதெல்லாம் ஒரே பயனருக்கு உரியது என்பதால், ‘சூடோ சிஎச்ஓன் -ஆர் மெயில்மேன்:மெயில்மேன் /ஆப்ட்/மெயில்மேன்’ என்ற ஒரே கட்டளை போதும். இதில் -ஆர் மட்டும் பெரிய எழுத்து. டெபியனின் தொகுப்பு வழியாக மெயில்மேனை நிறுவிய மற்ற வாசகர்கள் இதை அப்படியே செய்துவிட வேண்டாம். அங்கே அஞ்சல் பகுதிக்குப் பயனர் பெயர் ‘லிஸ்ட்’, வலைப்பக்கப் பகுதிக்கு ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. இரண்டும் ஒரே பெரிய கோப்புறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; ஒரேயடியாக மாற்றினால் ஒன்றைச் சரி செய்யப் போய் மற்றதைக் கெடுத்துவிடுவீர்கள். மாறியிருக்கும் கோப்புகளை மட்டும் பார்த்து மாற்றுங்கள்.

ஐந்து: முகவரிப் பட்டியலைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். ‘சூடோ -யூ மெயில்மேன் /ஆப்ட்/மெயில்மேன்/வென்வ்/பின்/மெயில்மேன் அலையசஸ்’. நீங்கள் இத்தனை நாளும் விட்டது அந்த ‘-யூ மெயில்மேன்’ மட்டும்தான். சூடோ என்றாலே ரூட் என்று நினைத்துவிடுகிறோம். 1980இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தக் கட்டளைக்கு, யாராக வேண்டுமோ அவராக ஓட்டும் திறமை உண்டு. பெயர் சொல்லாவிட்டால்தான் ரூட்டாக எடுத்துக்கொள்கிறது.

ஆறு: சேவையைத் தொடங்குவதற்கு முன் உறுப்பினர்களுக்கு வேறு வழியில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். வரிசையில் சிக்கிய பழைய மடல்கள் எல்லாம் ஒரே மூச்சில் போய் விழும். கூட்டம் முடிந்த பிறகு கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் குழப்பம்தான். பிறகு ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் மெயில்மேன்3’ என்று தொடங்கி, ஐந்தாவது படியில் அடித்த கட்டளையையே ‘அலையசஸ்’ என்ற இடத்தில் ‘ஸ்டேட்டஸ்’ என்று மாற்றி ஓட்டுங்கள். ஓடுகிறது என்று வந்தால், வலைப்பக்கத்தில் சோதனைக் குழு ஒன்றை உருவாக்கி அதற்கு ஒரு மடல் அனுப்பிப் பாருங்கள். 500 வராமல் மடலும் வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது.

எந்தக் கட்டளை யாருக்கு?

இதைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மென்பொருள் நிறுவுதல், சேவையைத் தொடங்குதல், நிறுத்துதல், /ஈடிசி கோப்புறையில் அமைப்புகளைத் திருத்துதல், உரிமையாளரை மாற்றுதல்: இவை ரூட்டின் வேலை. சேவையை ரூட்டாகத் தொடங்கினால் மெயில்மேனும் ரூட்டாக ஓடாதா என்று கேட்கலாம். ஓடாது. சேவைக் கோப்பில் ‘யூசர்=மெயில்மேன்’ என்று ஒரு வரி இருக்கும்; அதைப் படித்துச் சிஸ்டம்டி உரிய பயனராக மாறிய பிறகே நிரலை ஓட்டும். வேறு சர்வரில் உட்கார நேர்ந்து சரியான பயனர் யாரென்று தெரியாவிட்டாலும் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். வழிகாட்டிக்கு வழிகாட்டி பெயர் மாறும், அந்த வரி பொய் சொல்லாது.

மெயில்மேன், மெயில்மேன்-வெப் என்று தொடங்கும் கட்டளை எதுவானாலும் உங்கள் சர்வரில் மெயில்மேன் பயனருடையது. வெறுமனே பட்டியலைப் பார்க்கும் ‘லிஸ்ட்ஸ்’ கட்டளைக்கும் இதே விதிதான். படிக்கிற கட்டளையும் லாக்கைத் திறக்கும் என்று மேலே பார்த்தோம். நாள்தோறும் தொகுப்பு மடல் அனுப்புவதற்காகக் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளையும் பாருங்கள். அவை ரூட்டின் கிரான் பட்டியலில் இருந்தால் நீங்கள் தூங்கும்போதுகூட இதே தவறு நடந்துகொண்டிருக்கும். மெயில்மேன் பயனரின் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு சின்ன இடைஞ்சல்கள் வரலாம். /ரூட் கோப்புறையில் நின்றுகொண்டு வேறொரு பயனராகக் கட்டளை கொடுத்தால், அவருக்கு அந்த இடத்தைப் பார்க்கவே அனுமதி இல்லை என்பதால் தேவையில்லாத பிழைகள் வரும். முதலில் ‘சிடி /’ அடித்துவிட்டுத் தொடங்குங்கள். டெபியன் தொகுப்புக்காரர்கள் ‘சு லிஸ்ட்’ என்று அடித்தால் அந்தக் கணக்கு இப்போது கிடைக்காது என்று வரும். அது கோளாறல்ல, அந்தப் பயனராக யாரும் உள்நுழைந்து உட்காரக் கூடாது என்பதற்காகவே ஷெல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ‘சூடோ -யூ லிஸ்ட்’ போட்டு ஓட்டினால் வேலை நடக்கும்.

பொறுப்பை ஒப்படைப்பது

ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தாராளமாக ஒப்படைக்கலாம். இளையவருக்குச் சர்வரில் அவருடைய சொந்தப் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுங்கள். ‘விசூடோ’ கட்டளையைக் கொண்டு சூடோ அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதில் நான்கு செய்திகள் வரிசையாக வரும்: யார், எந்தக் கணினியில், யாராக, எந்த நிரலை. உங்கள் வரியில் முதலாவது அவருடைய பயனர் பெயர்; இரண்டாவது ‘ஆல்’ என்ற சொல், பெரிய எழுத்தில்; அடுத்து சமக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் மெயில்மேன்; கடைசியாக வென்வ் கோப்புறையில் உள்ள மெயில்மேன் நிரலின் முழு முகவரி. வெறும் எடிட்டரில் திருத்தாமல் விசூடோவில் திருத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எழுத்துப் பிழை இருந்தால் அது எச்சரிக்கும். பிழையோடு சேமித்துவிட்டால் சூடோவே வேலை செய்யாமல் போய், நீங்களே வெளியே நிற்க நேரலாம்.

இதன் பிறகு அவர் தன் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, மெயில்மேன் பயனராக, மெயில்மேன் கட்டளைகளை மட்டும் ஓட்ட முடியும். மறந்து ‘-யூ’வை விட்டுவிட்டால் சூடோ மறுத்துவிடும், ரூட்டாக ஓட்டும் தவறைச் செய்ய அவருக்கு வழியே இல்லை. யார், எப்போது, எந்தக் கட்டளையை ஓட்டினார் என்பதும் சர்வரின் பதிவில் நிற்கும். நீண்ட கட்டளையை ஒவ்வொரு தடவையும் அடிப்பது சலிப்பாக இருந்தால், அவருடைய பேஷ் அமைப்புக் கோப்பில் ‘எம்எம்’ என்று ஒரு சுருக்குப் பெயர் வைத்துக் கொடுங்கள். பொறுப்பு அடுத்தவருக்கு மாறும்போது வரியில் பெயரை மாற்றினால் போதும். எந்தக் கடவுச்சொல்லும் கைமாற வேண்டாம். அவருக்கு நேரில் கற்றுக்கொடுக்க ஆள் தேவையென்றால் பக்கத்திலேயே விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க, 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் இருக்கிறது.

இந்தச் சிரமத்தைப் பார்த்து, வாட்ஸப்புக்கே போய்விடலாம் என்று உங்கள் குழுவில் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தில் மடற்குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் கூடியவர்களின் முயற்சியால்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்து, பழந்தமிழ் நூல்கள் கணினிக்கு வந்தன. மடற்குழுவில் எழுதியது தேதியோடு, பெயரோடு, தேடி எடுக்கும்படி நிற்கும். ஓர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் தங்கள் கையால் எழுதிய நினைவுகள் வேறு எந்தப் பெட்டகத்திலும் கிடைக்கப் போவதில்லை. அதைக் காப்பாற்ற மாதம் ஒரு நகல், சரியான பயனர் பெயர் ஆகிய இரண்டு ஒழுங்கு போதும்.

கடைசியாக ஒன்று. மெயில்மேன் ரூட்டாக ஓட மறுத்தால், நீங்கள் தவறான பெயரில் வந்திருக்கிறீர்கள் என்று பொருள். அங்கே செய்ய வேண்டியது பெயரை மாற்றுவது. ‘--ரன்-ஆஸ்-ரூட்’ என்ற வால் உங்கள் குறிப்பேட்டில் எங்காவது எழுதப்பட்டிருந்தால், பொறுப்பை ஒப்படைக்கும் முன் அதை அடித்துவிடுங்கள்.